பெரிய பழைய செயின் சா கைக்கு வந்தாச்சா? கயிறை இன்னும் இழுக்காதீங்க

மொத தடவை ஒரு பழைய 90 சிசி மெஷின் கைக்கு வந்தப்ப எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், பெட்ரோல் ஊத்தி நாலு இழுப்பு இழுத்தேன், அஞ்சாவதுல புடிச்சுக்கிச்சு. என்னா சத்தம், என்னா இழுவைன்னு வாயப் பொளந்துகிட்டு ஒரு அடிமரத்துல கொண்டுபோய் வச்சேன். பத்து நிமிஷம் ஜம்முனு அறுத்துச்சு, அப்புறம் நான் தொடாமலே ரேஸ் ஏறுச்சு, அடடா சூடாக சூடாக இன்னும் நல்லா போகுதேன்னு சந்தோஷப்பட்டுகிட்டு இருக்கும்போதே டக்குனு நின்னுடுச்சு. கயிறு அசையல. பிரிச்சுப் பார்த்தா பிஸ்டனோட ஒரு பக்கம் பூராவும் கோடு கோடா உரிஞ்சு கெடக்கு. காரணம் கிராங்க் ஷாஃப்ட்ல இருக்கற ஒரு சின்ன ஆயில் சீல், பல வருஷம் சும்மா கெடந்து காஞ்சு கல்லாட்டம் ஆயிருந்துச்சு, அது ஓரமா வெளிக்காத்து உள்ள போயி பெட்ரோல் கலவை மெலிஞ்சு போச்சு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயிலே பெட்ரோலோடதான் வருது, அதனால பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், சூடும் ஏறும், ரெண்டும் சேர்ந்தா பிஸ்டன் காலி. தானா ரேஸ் ஏறினது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்ல, அது சாகறதுக்கு முன்னாடி போட்ட கூப்பாடு.

அதனால புதுசா இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். இந்தப் பழைய பெரிய மெஷினுங்க வயசாகி சாகறதில்ல, காஞ்ச ரப்பரு, காத்து ஒழுக்கு, கெட்டுப்போன பெட்ரோல், இந்த மூணுதான் கொல்லுது, மூணையும் மொத இழுப்புக்கு முன்னாடியே பார்த்துட முடியும்.

மொதல்ல, இது உங்களுக்குத் தேவையா

பெருசுன்னு நான் சொல்றது 80 சிசிக்கு மேல. ஸ்டில் 051 (89 சிசி), 070 (106 சிசி), 090 (137 சிசி), ஹஸ்க்வர்னா 2100 (99 சிசி), மெக்கல்லக் 125 (123 சிசி), இந்த மாதிரி ஆளுங்க. இதுங்க எல்லாம் மெதுவா சுத்தி முரட்டுத்தனமா இழுக்கறதுக்குன்னு செஞ்சது. புது மெஷினுங்க சும்மா ரேஸ் பண்ணா நிமிஷத்துக்கு 13 ஆயிரம் சுத்து சாதாரணமா போகும், பழசுல பலதும் ஏழு எட்டாயிரத்துலயே தன்னோட முழு பலத்தையும் குடுத்துடும். அதனால இன்னைக்கு வர்ற 70 சிசி மெஷின் நடுத்தர மரத்துல பழைய 90 சிசியை ஜெயிச்சுடும், இதை ஒத்துக்கணும், ஒத்துக்க மாட்டேன்னு சண்டை போடறவங்க ஸ்டாப் வாட்ச் வச்சுப் பார்க்காதவங்க. ஆனா மூணடி பார் (செயின் சுத்தி ஓடற நீளத் தகடு) முழுக்க மரத்துக்குள்ள புதைஞ்சு கெடக்கும்போது, இல்ல மில் ஃபிரேம் மாட்டி நீளவாக்குல பலகை அறுக்கும்போது, பழசு அசராம இழுத்துகிட்டே இருக்கும். அந்த வேலைக்குத்தான் இது. கிளை கழிக்கறதுக்கு, விறகு துண்டு போடறதுக்கு ஒரு சின்ன புது மெஷின் தனியா வச்சுக்கோங்க, பார் மாட்டாமலே பத்து கிலோவுக்கு மேல இருக்கற 090ஐ தூக்கிகிட்டு கிளை கழிக்கப் போனா அன்னைக்கு சாயங்காலம் இடுப்பு உங்ககிட்ட பேசும்.

இன்னொண்ணு, மரம் அறுக்கறதே இப்பத்தான் கத்துக்கறீங்கன்னா தயவுசெஞ்சு இதுல ஆரம்பிக்காதீங்க. செயின் பிரேக்குங்கறதே (மெஷின் எகிறினா செயினை உடனே நிறுத்தற அமைப்பு) 1970கள்லதான் பரவ ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி வந்த மெஷின்ல அது கெடையாது, சிலதுல கைக்கு முன்னாடி ஒரு தடுப்பு கூட இருக்காது. அதைப் பத்தி கீழ சொல்றேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க. சைலன்சரைக் கழட்டுங்க, ரெண்டு மூணு போல்ட்தான், விக்கறவர் கழட்ட விடலன்னா அப்பவே உங்களுக்குப் பதில் கெடைச்சாச்சு. கயிறை மெதுவா இழுத்து பிஸ்டனைக் கீழேயும் மேலயும் கொண்டுபோயி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. நல்ல பிஸ்டன் மங்கலான சாம்பல் கலர்ல, இன்ஜின் செய்யும்போது கடைஞ்ச மெல்லிசான குறுக்குக் கோடோட இருக்கும். மேலிருந்து கீழ கோடு விழுந்திருந்தா கீறல். சைலன்சர் பக்கம் மட்டும் கீறல்னா கலவை மெலிஞ்சு சூடாயிருக்கு, கார்புரேட்டர் பக்கம்னா கிழிஞ்ச ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு, சுத்தி எல்லாப் பக்கமும்னா யாரோ ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல் ஊத்தியிருக்காங்க. பிஸ்டன் ரிங் அதோட பள்ளத்துல சுதந்திரமா அசையுதான்னும் அதே ஓட்டை வழியா ஒரு மரக்குச்சியால லேசா அமுக்கிப் பாருங்க, உள்ள போயி வெளிய வரணும்.

கம்ப்ரஷன் மீட்டர் இருந்தா மாட்டி ஏழெட்டு இழுப்பு இழுங்க, 150 பிஎஸ்ஐ வந்தா அருமை, 120 ஓகே, 100க்கு கீழன்னா ரிங் மாத்தற செலவை இப்பவே கணக்குல சேர்த்துக்கோங்க. மீட்டர் இல்லன்னா கயிறோட கைப்பிடியைப் பிடிச்சு மெஷினைத் தொங்க விடுங்க, கையை கீழ தயாரா வச்சுகிட்டு. நல்ல மெஷின் நின்னு நின்னு, படி இறங்கற மாதிரி இறங்கும், செத்தது சர்ருனு கீழ வந்துடும்.

அப்புறம் கிராங்க் ஷாஃப்ட்டை கிளட்ச் பக்கம் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, துளி ஆட்டம் இருந்தாலும் பேரிங் போச்சு. பாடி மெக்னீசியம், அது உடைஞ்சிருந்தா இல்ல வெளுத்து பொரிஞ்சு அரிச்சிருந்தா விட்டுட்டு வந்துடுங்க. மத்தபடி கயிறு, ஃபில்டர், மூடி, இதெல்லாம் போனா பரவால்ல. கார்புரேட்டர் மேலயே அதோட மாடல் நம்பர் குத்தியிருக்கும், பழசுல நிறைய டில்லாட்சன்தான், அதை எழுதிக்கோங்க, டயாஃப்ரம் (கார்புரேட்டர் உள்ள இருக்கற மெல்லிசான சவ்வு) கிட் வாங்கறது அந்த நம்பரை வச்சுத்தான், மெஷின் பேரை வச்சு இல்ல.

இழுக்கறதுக்கு முன்னாடி

டேங்க்ல இருக்கறதைக் கொட்டுங்க. பெயிண்ட் நாத்தம் அடிச்சா அது பெட்ரோலே இல்ல. டேங்க் உள்ள இருக்கற ஃபில்டரை கம்பி வளைச்சு வெளிய இழுங்க, அதோட வர்ற டியூப்பை விரலால மடக்கிப் பாருங்க, வெடிச்சாலோ குச்சி மாதிரி நின்னாலோ மாத்துங்க, பெட்ரோலுக்குன்னே வர்ற டியூப்தான் போடணும், மீன் தொட்டி டியூப் போட்டா ரெண்டு வாரத்துல ஜவ்வாயிடும் (போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்). எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பழைய ரப்பருக்கெல்லாம் எமன், ஈரத்தை வேற இழுத்து வச்சுக்கும், எத்தனால் இல்லாதது கெடைச்சா அதையே ஊத்துங்க.

கார்புரேட்டரைப் பிரிக்கறது பெரிய வித்தை இல்ல. மேல ஒரு மூடி, அதுக்குக் கீழ பம்ப் டயாஃப்ரம், அடியில ஒரு மூடி, அங்க மீட்டரிங் டயாஃப்ரம், அதுக்கு உள்ள ஒரு குட்டி லீவரும் ஊசியும் ஸ்பிரிங்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் எது முன்ன எது பின்னங்கறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. அந்த ஸ்பிரிங் பறந்துச்சுன்னா கிடைக்காது, ஒரு வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வச்சு வேலை பாருங்க. டயாஃப்ரம் கையில சுருட்டுனா மெத்துனு இருக்கணும், காஞ்ச எலை மாதிரி சரசரன்னு சத்தம் போட்டா தூக்கிப் போடுங்க. துளைகளை கம்பி விட்டுக் குத்தாதீங்க, கிளீனர் ஸ்பிரே அடிச்சு காத்து ஊதுங்க, அவ்வளவுதான்.

கிராங்க் சீல் ரெண்டு இருக்கு, ஒண்ணு கிளட்ச் பக்கம், இன்னொண்ணு மேக்னெட் சக்கரம் இருக்கற பக்கம். முறையா பார்க்கணும்னா சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வச்சு அடைச்சு, கைப்பம்புல 0.5 பார் அழுத்தத்துக்கு காத்து ஏத்தி இறங்குதான்னு பார்க்கணும், சோப்புத் தண்ணி தடவினா எங்க ஒழுகுதுன்னு குமிழி சொல்லிடும். அப்புறம் அதே அளவுக்கு காத்தை உறிஞ்சியும் பார்க்கணும், ஏன்னா சில சீல் காத்து தள்ளும்போது இறுக்கமா உக்காந்துக்கும், உறிஞ்சும்போதுதான் விட்டுக் குடுக்கும். என்னோட கருத்து, பல வருஷம் சும்மா கெடந்த மெஷின்னா டெஸ்ட் பாஸானாலும் ரெண்டு சீலையும் மாத்திடுங்க. சீல் முகத்துலயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூணும் அச்சடிச்சிருக்கும், அது பல மெஷின்ல சாதாரண சைஸ்தான், கம்பெனி டப்பாவுல வந்தாத்தான் சீலா, பேரிங் கடையில கெடைக்கறதும் சீல்தான், ஆனா பெட்ரோல் தாங்கற ரப்பரான்னு கேட்டு வாங்கணும்.

கரண்டு வரலன்னா

பழைய மெஷின்ல பாதிக்கு மேல பாயிண்டும் (கரண்டை சேர்த்து வெட்டி பொறி வரவைக்கற ரெண்டு தொடுமுனை) கண்டன்சரும் இருக்கற வகை. பிளக்கைக் கழட்டி பாடில ஒட்டி வச்சு (பெட்ரோலைத் தள்ளி வச்சுட்டு) இழுத்துப் பார்த்தா நீலமா பொறி வரணும். வரலன்னா நேரா காயிலை (பிளக்குக்கு கரண்டு குடுக்கற சுருள்) திட்டாதீங்க, மொதல்ல சுவிட்சுக்குப் போற ஒயரைக் கழட்டிட்டு திரும்ப இழுங்க, இத்துப்போன ஒயர் பாடியில உரசிகிட்டு இருக்கறதுதான் ரொம்ப சாதாரணமான வியாதி. அதுவும் இல்லன்னா பாயிண்ட்.

பாயிண்ட் மேக்னெட் சக்கரத்துக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும். சக்கரத்தை ஸ்குரூடிரைவர் போட்டு நெம்பக்கூடாது, அதோட இறக்கை உடைஞ்சா இன்ஜினுக்கு காத்தே இல்ல, புல்லர் போட்டு இழுங்க. ரெண்டு பாயிண்ட் முகமும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, கெடந்த மெஷின்ல சாம்பல் பூத்து இருக்கும், அந்த மெல்லிசான படலம் போதும் கரண்டை நிறுத்த. மெல்லிசான உப்புத்தாளை ரெண்டா மடிச்சு நடுவுல விட்டு ரெண்டு தேய், அப்புறம் வெள்ளைப் பேப்பர்ல கொஞ்சம் கிளீனர் நனைச்சு அதையும் விட்டு இழுங்க, பேப்பர் அழுக்கில்லாம வர்ற வரைக்கும். நிறைய பேர் உப்புத்தாளோட விட்டுடறாங்க, அதோட தூள் உள்ள நின்னு அடுத்த வாரமே திரும்ப கரண்டு போயிடுது. பாயிண்ட் முழுசா திறந்திருக்கும்போது இடைவெளி 0.35லிருந்து 0.4 மில்லி, காயிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல 0.25 சுமாருக்கு, ஒரு விசிட்டிங் கார்டு கனம். பிளக் கேப் 0.5 மில்லி. சக்கரத்தை ஷாஃப்ட்ல நகராம பிடிக்கற சாவி (ஒரு குட்டி உலோகத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கான்னும் அப்படியே பாருங்க, அது அரை மில்லி நகர்ந்தாலும் டைமிங் மாறி கயிறு உங்க விரலைப் பிடுங்கும். இந்த பாயிண்ட் தொல்லையே வேண்டாம்னா பாயிண்டுக்குப் பதிலா போடற சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் கெடைக்குது, பழசு மாறாம இருக்கணும்னு நினைக்கற பிடிவாதக்காரங்க திட்டுவாங்க, வேலைக்கு வச்சிருக்கறவங்க போட்டுக்கலாம்.

ஆயில் கணக்கு

சில பழைய டேங்க் மேல 16க்கு 1ன்னு (16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) எழுதியிருக்கறதைப் பார்த்து பயப்படாதீங்க, அது அந்தக் காலத்து மோட்டார் ஆயிலுக்குச் சொன்னது. இன்னைக்கு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு நான் பெரிய பழைய மெஷின்ல 32க்கு 1 போடறேன், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லி. 40க்கு 1 போடறவங்களும் இருக்காங்க, 125 மில்லி, அதுவும் தப்பில்ல. பலகை அறுக்கும்போது பத்து நிமிஷம் விடாம முழு லோடுல ஓடும், அதுக்கு 32தான் நிம்மதி. ஆயிலைக் கூட்டினா அதே அளவு கலவையில பெட்ரோல் கொஞ்சம் குறையுது, அதனால அளவு மாத்தினா கார்புரேட்டர் ட்யூனையும் திரும்பப் பார்க்கணும், இதை யாரும் சொல்றதில்ல.

ஸ்டார்ட் பண்றதும் ட்யூன் பண்றதும்

தரையில வச்சு, பின் கைப்பிடியை மிதிச்சு (மிதிக்க இடம் இல்லாத மாடல்னா பின்பக்கம் முழங்கால் வச்சு அமுக்கி), முன் கைப்பிடியை இடது கையால அழுத்திப் பிடிச்சு இழுங்க, கையில தூக்கி ஆட்டி இழுக்கற ஸ்டைல் எல்லாம் இதுல வேண்டாம். பழசு சிலதுல கம்ப்ரஷனை வெளிய விடற பட்டன் இருக்காது. அதனால மொதல்ல மெதுவா இழுத்து கம்ப்ரஷன் முட்டற இடத்தைக் கண்டுபிடிங்க, கயிறை அங்கிருந்து ஒரே இழுப்பு, முழு நீளத்துக்கு. கயிறை விரல்ல சுத்திக்காதீங்க, திருப்பி அடிச்சா விரல் கழண்டுடும். சோக் போட்டு இழுக்கும்போது ஒரு தடவை "டப்"னு சத்தம் வந்ததும் சோக்கை எடுத்துடுங்க, அதுக்கப்புறமும் சோக்லயே இழுத்தா பிளக் நனைஞ்சு அரை மணி நேரம் வேஸ்ட்.

கார்புரேட்டர்ல இருக்கற எச் (முழு வேகத்துக்கான கலவை), எல் (மெதுவான வேகத்துக்கான கலவை) ரெண்டு ஸ்குரூவையும் லேசா உள்ள முட்டற வரைக்கும் திருப்பி, அங்கிருந்து ஒரு சுத்து வெளிய, இதுல ஆரம்பிங்க. இன்ஜின் சூடானதும் எல் ஸ்குரூவை ஆக்சிலேட்டர் தொட்டதும் தயங்காம ஏறற மாதிரி வைங்க, ஐடில் ஸ்குரூவை செயின் சுத்தாம நிக்கற மாதிரி. எச் ஸ்குரூவுக்குத்தான் காது வேணும். மரத்துல வைக்காம முழு ஆக்சிலேட்டர் ஒரு ரெண்டு மூணு செகண்ட் குடுங்க, சுத்தமான "ஙீஈஈ"ன்னு கத்தினா கலவை மெலிசு, உடனே விட்டுடுங்க. தொண்டையில சளி கட்டின மாதிரி "பர்ர்ர்"னு ஒரு கரகரப்பு வரணும், அதே மெஷினை மரத்துல வச்சு அமுக்கினதும் அந்தக் கரகரப்பு மறைஞ்சு சத்தம் சுத்தமாகணும், தூக்கினதும் திரும்ப கரகரக்கணும். அதுதான் சரியான இடம். அது வரலன்னா கால் கால் சுத்தா கூட இல்ல, எட்டுல ஒரு பங்கு சுத்தா எச்சைத் திறங்க. எவ்வளவு திறந்தாலும் கரகரப்பே வரமாட்டேங்குது, இல்ல ஐடில் தானா ஏறி இறங்குதுன்னா காத்து ஒழுகுது, ட்யூன் பண்றதை நிறுத்திட்டு சீலுக்குத் திரும்பப் போங்க.

நல்லா ஓடி அஞ்சாறு நிமிஷத்துல ஆஃப் ஆகுதுன்னா டேங்க் மூடியை லேசா திருப்புங்க, "உஸ்"னு காத்து உள்ள போனா டேங்க் வென்ட் அடைச்சிருக்கு, அவ்வளவுதான், கார்புரேட்டரைப் பிரிக்காதீங்க.

செயினும் அரமும்

நல்ல இன்ஜினை மொக்கை செயின் போட்டு ஓட்டறதுதான் இந்த ஊரு உலகத்துலயே பெரிய வேஸ்ட். பெரிய பழசுல பொதுவா 0.404 இஞ்ச் பிட்ச் (செயின் கண்ணிங்களுக்கு நடுவுல இருக்கற தூரத்தோட அளவு), சிலதுல 3/8, ரொம்பப் பழசுல 1/2 இஞ்ச். பிட்ச், பார் பள்ளத்தோட அகலம், கீழ தொங்கற கண்ணி எண்ணிக்கை, இந்த மூணும் பொருந்தணும், ஸ்ப்ராக்கெட்டும் (செயினை ஓட்டற பல்சக்கரம்) அதே பிட்ச். 1/2 இஞ்ச் செயின் இப்ப கெடைக்கறது கஷ்டம், ஸ்ப்ராக்கெட்டையும் பாரையும் 0.404க்கு மாத்திடறது புத்திசாலித்தனம்.

இப்ப நாம போடற செயின் பல்லு, கொக்கி மாதிரி வளைஞ்சு இடம் வலமா மாறி மாறி வர்றது, 1940கள் கடைசியில அமெரிக்காவுல ஓரிகன்ல ஜோசப் காக்ஸுங்கறவர் உருவாக்கினது. மரத்தைக் குடையற வண்டோட புழு, நாருக்கு நேராவும் குறுக்காவும் ஒரே மாதிரி தின்னுட்டுப் போறதை உக்காந்து பார்த்துட்டு, அதோட தாடை மாதிரியே பல்லு செஞ்சார். 1947ல விக்க ஆரம்பிச்சது. இதை ஏன் சொல்றேன்னா, அரம் போடும்போது நீங்க காப்பாத்த வேண்டியது அந்தத் தாடையோட மூலையைத்தான், மேல் தகடும் பக்கத் தகடும் சேர்ற அந்த ஒத்தை முனை. அதுதான் மொதல்ல நாரை வெட்டுது. வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, அந்த முனையில ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சுனு தெரிஞ்சா மழுங்கியிருக்கு. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது. அந்தப் புள்ளி காணாமப் போற வரைக்கும் ராவுங்க.

0.404க்கு 5.5 மில்லி உருட்டு அரம். 30 டிகிரி சாய்வு, பலகை அறுக்க 10 டிகிரி. உள்ளிருந்து வெளிய ஒரே பக்கமா தள்ளுங்க, திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிடணும், முன்னயும் பின்னயும் தேய்ச்சா அரம்தான் தேயும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை தள்ளு. இடம் வலம் நீளம் மாறினா மெஷின் வளைஞ்சு அறுக்கும், அப்ப பாரைத் திட்டுவீங்க. நாலஞ்சு தடவை ராவினதுக்கு அப்புறம் பல்லுக்கு முன்னாடி நிக்கற மேட்டையும் தட்டை அரத்தால இறக்கணும், 0.404ல பல்லை விட 0.8 மில்லி தாழ்வா, 3/8ல 0.65. ரொம்ப இறக்கினா கடிச்சுப் பிடிச்சு இழுக்கும், பெரிய இன்ஜின் கையையும் சேர்த்து இழுக்கும். தூள் மாவா விழுந்தா செயின் மழுங்கல், துருவல் துருவலா விழுந்தா நல்லாயிருக்கு.

பாரை ஒவ்வொரு தடவை செயின் கழட்டும்போதும் தலைகீழா மாத்தி மாட்டுங்க, ஓரத்துல வர்ற பிசிறை அரம் போட்டு எடுத்துடுங்க. ஸ்ப்ராக்கெட்ல அரை மில்லி பள்ளம் விழுந்தா மாத்துங்க. பல பழசுல ஆயில் பம்ப் கட்டை விரலால அமுக்கறது, சிலதுல தானா வர்றதோட இதுவும் இருக்கும், நீள பார்ல ஒவ்வொரு அறுப்புக்கும் நாலஞ்சு தடவை அமுக்கப் பழகிக்கோங்க, தானா வரும்னு நம்பாதீங்க.

கையும் காலும் பத்திரம்

பார் நுனியோட மேல்பாதி எதையாவது தொட்டா மெஷின் உங்க முகத்தைப் பார்த்து எகிறும். புதுசுல பிரேக் பிடிக்கும், இதுல ஒண்ணும் பிடிக்காது, பத்து கிலோ இரும்பு முழு வேகத்துல வரும். அதனால நுனியால குத்தி அறுக்கற வேலை இதுல வேண்டாம், தோளுக்கு மேல தூக்க வேண்டாம், இடம் மாறும்போது ஆஃப் பண்ணிட்டு நடங்க. முகத்துக்கு நேரா பார் வராம கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. செயின் வெட்டு தாங்கற பேன்ட் கண்டிப்பா போடுங்க, ஆனா இந்த இழுவைக்கு அது முழுசா நிறுத்தும்னு நம்பிடாதீங்க, நார் சிக்கினாலும் பெரிய இன்ஜின் இழுத்துகிட்டுப் போகும். சத்தம் 110 டெசிபலைத் தொடும், காதடைப்பு இல்லாம ஒரு நிமிஷம் கூட ஓட்டாதீங்க. அதிர்வு தாங்கற ரப்பர் இல்லாத மாடல்னா கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழ வச்சுடுங்க, விரல் நுனி வெளுத்து மரத்துப் போனா அன்னைக்கு வேலை முடிஞ்சது, அது வருஷக்கணக்குல சேர்ற நரம்பு வியாதி, திரும்ப சரியாகாது.

வேலை முடிஞ்சதும்

ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டி சிலிண்டர் இறக்கைக்கு நடுவுல அடைச்சிருக்கற தூளை மரக்குச்சியால நோண்டி எடுங்க, பச்சை மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அது சிமெண்ட் மாதிரி இறுகிடும், அப்புறம் காத்து எங்க போறது. கிளட்ச் டிரம் உள்ள இருக்கற ஊசி பேரிங்குக்கு துளி கிரீஸ். ஃபில்டரைத் தட்டிட்டு விளக்கு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கயாவது நேரா வந்தா கிழிஞ்சிருக்கு. ஒரு மாசத்துக்கு மேல எடுக்க மாட்டீங்கன்னா டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறது தீர்ற வரைக்கும் ஐடில்ல ஓட விடுங்க, பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தி கயிறை ரெண்டு தடவை மெதுவா இழுங்க, அப்புறம் பிளக்கை மாட்டி, கம்ப்ரஷன் முட்டற இடத்துல நிறுத்தி வைங்க, ரெண்டு ஓட்டையும் பிஸ்டனால மூடியிருக்கும், ஈரமும் பூச்சியும் உள்ள போகாது.